1729 பதினாறு தடவை வந்த கதை: ஒரு சின்ன புரோகிராமோட நிகழ்வு ஆய்வு

அக்கா பொண்ணு கும்பகோணத்துல காலேஜ் ஃபர்ஸ்ட் இயர் படிக்கறா. டிசம்பர் 22 ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித தினம்னு கொண்டாடறாங்கல்ல, அதுக்கு டிபார்ட்மெண்ட்ல ஆளுக்கு ஒரு சின்ன புரோகிராம் பண்ணி வைக்கணும்னு சொல்லியிருக்காங்க, இவ ரொம்ப யோசிக்காம "நான் 1729 பண்றேன்"னு கைய தூக்கிட்டா. ராமானுஜன் வளர்ந்த வீடு அதே ஊர்ல சாரங்கபாணி சன்னதி தெருவுல இருக்கு, இவ தினம் பஸ் பிடிக்கற வழியில, அதனால அவருக்கு நாம செய்யாம யார் செய்யறதுன்னு ஒரு உரிமை. செஞ்சா. ஓடுச்சு. ஆனா அவுட்புட்ல ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வருதுன்னு ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோ கால். பத்து நிமிஷத்துல முடியும்னு உக்காந்தது ரெண்டு நாள் இழுத்துச்சு, அதுல எனக்கே சில விஷயம் புதுசா தெரிஞ்சதால முழுசா எழுதி வைக்கறேன்.

1729 கதை தெரியாதவங்க கம்மி, இருந்தாலும் ஒரு வரி. உடம்பு முடியாம ஆஸ்பத்திரில இருந்த ராமானுஜனைப் பார்க்க அவரோட கணக்கு கூட்டாளி ஹார்டிங்கற இங்கிலீஷ்காரர் லண்டன் பக்கம் பட்னிக்கு டாக்ஸில போறாரு, வண்டி நம்பர் 1729, சுவாரசியமே இல்லாத நம்பர்னு சொல்றாரு, ராமானுஜன் இல்லீங்க, ரெண்டு கனங்களோட (கனம்னா ஒரு நம்பரை அதே நம்பரால பெருக்கி, மறுபடி அதாலயே பெருக்கறது) கூட்டலா ரெண்டு விதத்துல எழுத முடியற நம்பர்கள்லயே இதுதான் சின்னதுன்னு சொல்றாரு. 1-ஐயும் 12-ஐயும் கனம் எடுத்து கூட்டுனாலும் 1729, 9-ஐயும் 10-ஐயும் கனம் எடுத்து கூட்டுனாலும் 1729. (ஃப்ரெனிக்கிள் டி பெஸ்ஸின்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1657-லயே இதை எழுதி வெச்சிருக்காரு, ஆனா ஆஸ்பத்திரி கதை அவர்கிட்ட இல்ல, அதனால பேரு நம்மாளுக்கு.)

அவ எழுதுன புரோகிராம் பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழில. ஒன்னுலேர்ந்து 20 வரைக்கும் ஓடற நாலு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்ப செய்ய வெக்கறது), ஒன்னுக்குள்ள ஒன்னு. அவ இங்கிலீஷ் எழுத்து நாலு வெச்சிருந்தா, நான் இங்க அ, ஆ, இ, ஈ-ன்னு எழுதறேன், பைத்தான் 3-ல தமிழ் எழுத்தையே வேரியபிள் பேரா வெக்க முடியும், பின்னாடி நாங்க உண்மையிலயே அப்படித்தான் மாத்துனோம், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, வரேன். கீழ **3-ன்னு வர்றது கனம்.

ஃபார் அ இன் ரேஞ்ச்(1, 21):
　ஃபார் ஆ இன் ரேஞ்ச்(1, 21):
　　ஃபார் இ இன் ரேஞ்ச்(1, 21):
　　　ஃபார் ஈ இன் ரேஞ்ச்(1, 21):
　　　　இஃப் அ**3 + ஆ**3 == இ**3 + ஈ**3:
　　　　　பிரிண்ட்(அ**3 + ஆ**3)
　　　　எல்ஸ்:
　　　　　பிரிண்ட்("இல்ல")

ரேஞ்ச்ல 21 போட்டாதான் 20 வரைக்கும் போகும்ங்கறதை சரியா பண்ணியிருந்தா, அதுக்கே ஒரு சபாஷ். ஆனா அந்த எல்ஸ், அதாவது பொருந்தலன்னா இதைச் செய்ங்கற பகுதி, இருக்கு பாருங்க. ஸ்கிரீன் முழுக்க இல்ல இல்ல இல்லன்னு ஓடிக்கிட்டே இருக்கு, நடுவுல எப்பவாச்சும் ஒரு நம்பர் மின்னல் மாதிரி வந்து போகுது. 20-ஐ நாலு தடவை பெருக்குனா 1,60,000, அத்தனை தடவையும் ஏதோ ஒரு வரி அடிக்குது, அதுல 1,59,204 வரி "இல்ல". புதுசா எழுதறவங்க எல்லாரும் விழற முதல் பள்ளம் இது, ஒரு தடவை பார்த்ததுல இல்லன்னா அது மொத்தமா இல்லன்னு அர்த்தம் இல்ல, எல்லாத்தையும் பார்த்து முடிச்சப்பறம்தான் இல்லன்னு சொல்ல முடியும். பிரைம் நம்பர் புரோகிராம்லயும் இதே கூத்துதான், 9-ஐக் குடுத்தா 2-ஆல வகுபடல உடனே "பிரைம்"னு ஒரு வரி, 3-ஆல வகுபட்டுது "பிரைம் இல்ல"ன்னு இன்னொரு வரி. எல்ஸைத் தூக்கிட்டோம். இதுல பேச ஒன்னும் இல்ல.

இப்ப 796 வரி. 2, 9, 9, 28, 28, 65, 65ன்னு ஆரம்பிக்குது. முதல் 1729 இருபத்திரெண்டாவது வரியிலதான் வருது, மொத்தத்துல பதினாறு 1729.

"மாமா, இது ஏன் இத்தனை தடவை வருது, பிரிண்ட்டை வெளில எடுத்து வெச்சா சரியாயிடுமா?"

"வெளிலன்னா எங்க?"

"தெரியல, ஒரு டேப் முன்னாடி தள்ளி பார்க்கட்டுமா?"

இதான் நான் பார்த்த வரைக்கும் எல்லாரோட முதல் ரியாக்ஷன், ரிப்பீட் வந்தா பிரிண்ட்டை நகர்த்தறது. இண்டெண்ட் (வரியை எவ்வளவு உள்ள தள்ளி எழுதறோம்ங்கறது) தப்பா இருந்து அதனால ரிப்பீட் வர்ற கேஸ் நிறைய உண்டு, அங்க அது சரிதான். இங்க பிரிண்ட் இருக்கற இடம் சரி. நான் அவகிட்ட ஒன்னே ஒன்னு சொன்னேன், நம்பரை மட்டும் அடிக்காத, நாலு வேரியபிளையும் சேர்த்து அடின்னு. இந்த ஒரு மாத்தம்தான் பாதி வைத்தியம், ஏன்னா "1729, 1729, 1729"னு பார்த்தா மெஷின் திக்குவாய் மாதிரி தெரியும், ஆனா பக்கத்துல நாலு நம்பரும் வந்தா ரெண்டு வரி கூட ஒன்னா இல்லன்னு தெரிஞ்சிடும்.

9 = 1 2 1 2
9 = 1 2 2 1
28 = 1 3 1 3
28 = 1 3 3 1

அவளே பிடிச்சிட்டா. "இது ரெண்டு பக்கமும் ஒரே ஜோடி, மாமா!" ஆமா. 1, 2 கூட்டுனது 1, 2 கூட்டுனதுக்கு சமம்னு கண்டுபிடிச்சு சொல்றதுக்கு மெஷின் எதுக்கு. அ-வும் இ-யும் ஒன்னா இருக்கக்கூடாதுன்னு ஒரு கண்டிஷன் போட்டா, 796 குறைஞ்சு 396 ஆச்சு. மீதி இருக்கறதுல முக்கால்வாசிக்கு மேல "1 2 2 1" மாதிரி மாத்தி வெச்ச ஜோடி, அதுக்கு அ-வும் ஈ-யும் ஒன்னா இருக்கக்கூடாதுன்னு இன்னொரு கண்டிஷன், 396-லேர்ந்து 380 வரி போயி 16.

இந்த இடத்துல நான் அவளை நிறுத்தி, போன வரியெல்லாம் கணக்கு பார்க்க வெச்சேன், அவளுக்கு எரிச்சல், ஆனா எனக்கு இது முக்கியம்னு தோணுச்சு. அ, ஆ ஜோடி மொத்தம் 400, ஒவ்வொன்னும் தனக்குத்தானே சமம், அது 400 வரி. அதுல 20 ஜோடி ஒரே நம்பர் ரெண்டு தடவை (1 1, 2 2 மாதிரி), அதைத் திருப்பிப் போட்டாலும் அதே வரிதான், மீதி 380-ஐத் திருப்பிப் போட்டா புதுசா 380 வரி. 400 கூட்டல் 380, 780. 796-ல 780 போனா 16. கண்ணுல பட்ட வரி எண்ணிக்கையும் கைல போட்ட கணக்கும் ஒத்துப்போச்சு, அப்பதான் நாம தூக்கிப் போட்டது குப்பை மட்டும்தான், நல்ல பதில் எதுவும் அதோட போகலன்னு தைரியமா சொல்ல முடியும். கண்டிஷன் போட்டு வரி குறைஞ்சிடுச்சுன்னா உடனே சந்தோஷப்படற ஆளுங்களை வேலை செய்யற இடத்துல நிறைய பார்த்துட்டேன்.

சரி, 16. இதுதான் அசல் கேஸ். அந்த பதினாறும் இந்த வரிசையில வந்துச்சு, நம்பர் மட்டும் எடுத்து எழுதறேன்: 1729 ரெண்டு தடவை, 4104 ரெண்டு தடவை, மறுபடி 1729 ரெண்டு, 4104 ரெண்டு, அப்பறம் 1729 நாலு, 4104 நாலு. 4104-ங்கறது 2-ம் 16-ம், இல்லன்னா 9-ம் 15-ம். ஆக 20 வரைக்கும் உண்மையான பதில் ரெண்டே ரெண்டு, ஒவ்வொன்னும் எட்டு தடவை.

அவ தூங்கப் போகாம தானே மூணு வைத்தியம் பண்ணிப் பார்த்திருக்கா, காலைல அனுப்பி வெச்சா. மூணும் தோத்துதான் போச்சு, ஆனா தோத்த விதம் ஒவ்வொன்னும் ஒரு ரகம்.

முதல்ல பிரேக். பிரிண்ட் பண்ணதும் கீழ பிரேக் போட்டா லூப்பை விட்டு வெளிய வந்துடும்ல, அப்ப ரிப்பீட் வராதுன்னு. ஓட்டுனா அதே 16 வரி, ஒரு வரி கூட குறையல! அவளுக்கு பைத்தானே தப்பா ஓடுதோன்னு சந்தேகம். பிரேக் இருக்கறது உள்ளுக்குள்ள கடைசி லூப்ல, அதாவது ஈ ஓடற லூப்ல, அதை மட்டும்தான் அது உடைக்கும். அ, ஆ, இ மூணும் முடிவாயிடுச்சுன்னா ஈ-க்கு ஒரே ஒரு மதிப்புதான் பொருந்தும், ரெண்டாவதா ஒன்னு பொருந்தவே வழி இல்ல. அப்ப அந்த லூப்ல ரெண்டாவது பிரிண்ட் எப்பவுமே வராது, இல்லாத ஒன்னைத் தடுக்க காவல் போட்ட மாதிரி ஆச்சு. கொஞ்சம் நேரம் மிச்சம், அவ்வளவுதான்.

ரெண்டாவது, போன தடவை அடிச்ச நம்பரை ஞாபகம் வெச்சுக்கிட்டு அதே நம்பர் வந்தா விட்டுடறது. இது கேட்க நல்லாத்தான் இருக்கு. வந்தது ஆறு வரி: 1729, 4104, 1729, 4104, 1729, 4104. மேல வரிசையைப் பாருங்க, ரெண்டு நம்பரும் பின்னல் ஜடை மாதிரி மாறி மாறி வருது, பக்கத்துல பக்கத்துல வர்ற ரிப்பீட்டை மட்டும்தான் இந்த வைத்தியம் பிடிக்கும். ஏன் பின்னிக்குதுன்னா வெளி லூப் அ, அது 1-ல இருக்கும்போது 1729, 2-ல இருக்கும்போது 4104, 9-க்கு வந்ததும் மறுபடி ரெண்டும், ஏன்னா 9 ரெண்டு நம்பருக்கும் சொந்தக்காரன். மோசமான விஷயம் என்னன்னா, லிமிட்டை 15-னு வெச்சு டெஸ்ட் பண்ணியிருந்தா 4104 வந்திருக்காது, ஒரே ஒரு 1729, சூப்பர்னு கொண்டு போயி வெச்சிருப்பா.

மூணாவது செட். பைத்தான்ல செட்னு ஒன்னு இருக்கு, ஒரே பொருளை ரெண்டு தடவை போட்டாலும் ஒன்னுதான் நிக்கும். கிளாஸ்ல அப்பதான் நடத்தியிருக்காங்க, அதனால நாலையும் டூப்பிளா, அதாவது வரிசையோட ஒரே கட்டா, கட்டி செட்ல போட்டிருக்கா. மறுபடி 16. ஏன்னா (1, 12, 9, 10) வேற, (12, 1, 9, 10) வேற, செட்டுக்கு அது எட்டும் எட்டு பேரு.

நான் அவளை அந்த எட்டையும் ஒரு பேப்பர்ல எழுதச் சொன்னேன்.

1 12 9 10
1 12 10 9
12 1 9 10
12 1 10 9
9 10 1 12
9 10 12 1
10 9 1 12
10 9 12 1

பக்கத்துல கீரை ஆஞ்சிக்கிட்டு இருந்த அக்கா எட்டிப் பார்த்துட்டு, "என்னடி இது, மொய் நோட்டுல புருஷன் பேரை முன்னாடி போட்டு ஒரு தடவ, பொண்டாட்டி பேரை முன்னாடி போட்டு ஒரு தடவ எழுதுன மாதிரி"ன்னாங்க. அக்கா ப்ளஸ் டூ கூட முடிக்கல, ஆனா சொன்னது அப்படியே விஷயம். முதல் ஜோடிக்குள்ள ரெண்டு விதமா மாத்தலாம், ரெண்டாவது ஜோடிக்குள்ள ரெண்டு விதம், அப்பறம் ரெண்டு குடும்பத்துல எது முதல்ல, எது ரெண்டாவதுங்கறது ரெண்டு விதம். 2 × 2 × 2, எட்டு. மெஷின் எந்த வரியையும் ரெண்டு தடவை சொல்லல, நாம எட்டு பேர்ல கூப்பிட்டு வெச்ச ஒரே ஆளை எட்டு தடவை காட்டுது. அதனால வந்தப்பறம் வடிகட்டறதை விட, வர்றதுக்கு முன்னாடியே இவனை எந்தப் பேர்ல கூப்பிடப் போறோம்னு ஒன்னை முடிவு பண்ணிட்டா மீதி ஏழும் தானா போயிடும்.

இங்கதான் தமிழ் எழுத்து வந்துச்சு. அ குறில், ஆ நெடில். இ குறில், ஈ நெடில். குறில்ல சின்ன நம்பர், நெடில்ல பெரிய நம்பர், அதாவது அ எப்பவும் ஆ-வை விட சின்னது இல்லன்னா சமம், இ-யும் ஈ-யும் அப்படியே. அப்பறம் அரிச்சுவடில அ-வுக்கு அப்பறம்தான் இ, அதனால அ-வை விட இ பெருசா இருக்கணும். மூணு விதி, மூணு மாத்தத்துக்கும் ஒன்னு ஒன்னு. ஒன்னாங்கிளாஸ்ல படிச்சதை இதுக்கு மேல மறக்கவா போறோம். இப்படி யோசிச்சது நான்தான்னு சொல்ல ஆசை, ஆனா வேரியபிள் பேரைத் தமிழ்ல வெச்சுப் பார்க்கலாமான்னு கேட்டது அவ, குறில் நெடில் மேட்டர் மட்டும் என்னோடது.

ஃபார் அ இன் ரேஞ்ச்(1, 21):
　ஃபார் ஆ இன் ரேஞ்ச்(அ, 21):
　　ஃபார் இ இன் ரேஞ்ச்(அ + 1, 21):
　　　ஃபார் ஈ இன் ரேஞ்ச்(இ, 21):

உள்ள அந்த "ஒன்னா இருக்கக்கூடாது" கண்டிஷன் ரெண்டும் இப்ப வேணாம், அ-வை விட இ பெருசு, ஈ அதை விட சின்னது இல்ல, அப்ப அ இ-கூடவும் ஈ-கூடவும் ஒன்னா இருக்க முடியாது. ஓட்டுனா ரெண்டே வரி.

1729 = 1 12 9 10
4104 = 2 16 9 15

சுத்தற எண்ணிக்கையும் 1,60,000-லேர்ந்து 20,615-க்கு வந்துடுச்சு, அதாவது எட்டுல ஒரு பங்கு கிட்ட. 20 வரைக்கும்னா ரெண்டுமே கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சிடும், வித்தியாசம் தெரியாது, ஆனா லிமிட்டை ஏத்தும்போது தெரியும்.

அவ இன்னொன்னும் கவனிச்சா, எனக்கு தோணவே இல்ல அது. எந்த வரியை எடுத்தாலும் ரெண்டாவது ஜோடி முதல் ஜோடிக்கு உள்ளயே அடங்குதே மாமா, 1-க்கும் 12-க்கும் நடுவுல 9-ம் 10-ம், 2-க்கும் 16-க்கும் நடுவுல 9-ம் 15-ம், இது எப்பவுமே இப்படித்தானான்னு. யோசிச்சுப் பார்த்தா ஆமா, தராசு மாதிரி. அ நாலுலயும் சின்னது, அந்தப் பக்கம் இ அதை விட வெயிட்டு, அப்ப தட்டு சமமா நிக்கணும்னா ஆ-தான் ஈ-யை விட வெயிட்டா இருந்தாகணும். அதனால ஆ நாலுலயும் பெருசு. இதை லூப்ல போட ஒன்னும் பெருசா வேணாம், இ, ஈ ரெண்டோட ரேஞ்ச்லயும் 21-க்கு பதிலா ஆ-ன்னு போட்டா போதும், ரேஞ்ச் கடைசி நம்பரை விட்டுடும்ல, அது இங்க நமக்கு சாதகம். 20,615 இப்ப 5,985 ஆச்சு. வரி அதே ரெண்டு. இ-யும் ஈ-யும் ஒன்னா இருக்கற பதில் வரவே வராதுன்னு பழைய கணக்குக்காரங்க நிரூபிச்சு வெச்சிருக்காங்க, அதையும் தூக்கினா இன்னும் குறையும், ஆனா ஃபர்ஸ்ட் இயர் புரோகிராம் அந்த நிரூபணத்தை நம்பி நிக்க வேணாம்னு விட்டுட்டோம்.

நம்பரை மட்டும் செட்ல போட்டு, ஏற்கனவே இருந்தா விட்டுடுன்னு எழுதியிருந்தாலும் ரெண்டு வரிதான் வந்திருக்கும், அது தப்பான வழியான்னு அவ கேட்டா. நியாயமான கேள்வி. 20 வரைக்கும் தப்பில்ல, நானும் அவசரத்துக்கு அதைத்தான் போட்டிருப்பேன். ஆனா அது எங்க கடிக்கும்னு காட்டறதுக்கு 87539319-ஐ எடுத்தேன். மூணு விதமா எழுத முடியற நம்பர்கள்ல சின்னது இது, 1957-ல ஜான் லீச் கண்டுபிடிச்சது: 167-ம் 436-ம், 228-ம் 423-ம், 255-ம் 414-ம். நம்பர் செட் போட்டா முதல்ல கிடைக்கற ரெண்டு ஜோடி மட்டும் வரும், 255-ம் 414-ம் வெளிச்சத்துக்கே வராது, ஏன்னா அது வரும்போது நம்பர் ஏற்கனவே செட்ல உக்காந்திருக்கும். ரிப்பீட்டை மறைக்கப் போயி பதிலையே மறைச்ச கதை.

நம்ம குறில் நெடில் புரோகிராம் மட்டும் என்ன ஒழுங்கான்னா, அதுவும் இல்ல. அதுல 87539319 மூணு வரி வரும். முதல் ஜோடியோட ரெண்டாவது, முதலோட மூணாவது, ரெண்டாவதோட மூணாவது. பழைய முறைல 24 வரி வந்திருக்கும், 3 பரவால்ல, ஆனா ரிப்பீட் ரிப்பீட்தான். என்னடா எல்லாம் சரி பண்ணோம்னு நினைச்சா மறுபடி வருதேன்னு அவளுக்கு சலிப்பு. எனக்கு அப்பதான் ஒன்னு உறைச்சுது. புரோகிராம் தேடறது நம்பரை இல்ல, "சமமா இருக்கற ரெண்டு ஜோடி"யை. ஒரு வரிங்கறது அந்த சம்பந்தம்தான். மூணு குடும்பம் இருந்தா சம்பந்தம் மூணு. நமக்கு வேணுங்கறது நம்பருக்கு ஒரு வரி, அப்ப தேடற விதத்தையே மாத்தணும், லூப்போட ஆரம்பம் முடிவை மாத்தி இது வராது.

மாத்துனது டிக்ஷனரிக்கு, அதாவது ஒவ்வொரு கீ-க்கும் (பெட்டி மேல எழுதற பேரு மாதிரி) ஒரு பெட்டி வெக்கற பைத்தான் ஏற்பாடு. நாலு லூப் வேணாம், ரெண்டு போதும். அ-வும் ஆ-வும் மட்டும் ஓட்டு, கூட்டுத்தொகையை கீ-யா வெச்சு அந்த ஜோடியை அதுக்குக் கீழ இருக்கற லிஸ்ட்ல சேர்த்துக்கிட்டே போ. தபால் ஆபீஸ்ல ஊர் ஊரா பிரிச்சுப் போடற மாதிரி, ஒவ்வொரு லெட்டரையும் ஒரு தடவைதான் கையில எடுப்பாங்க, மத்த எல்லா லெட்டரோடயும் ஒப்பிட்டுப் பார்க்கறதில்ல. கடைசில எந்தப் பெட்டியில ரெண்டோ அதுக்கு மேலயோ இருக்கோ அதை மட்டும் அடி. 20 வரைக்கும் மொத்தம் 210 ஜோடிதான், 1,60,000 எங்க 210 எங்க. 450 வரைக்கும் போனா கூட 1,01,475 ஜோடி, அவ பழைய லேப்டாப்லயே என்டர் தட்டி கைய எடுக்கறதுக்குள்ள வந்துடுச்சு. அதே 450-க்கு முதல்ல எழுதுன நாலு லூப்னா 4,100 கோடி சுத்து, குறில் நெடில் விதியோட 513 கோடி. மூணு ஜோடி இருக்கற பெட்டி மட்டும் காட்டுன்னு சொன்னா ஒரே ஒரு வரி, அதுல 87539319, பக்கத்துல மூணு ஜோடியும்.

இன்னொரு சில்லறை வேலையும் இதுலயே முடிஞ்சுது. நாலு லூப்ல லிமிட்டை 40-க்கு ஏத்துனப்ப பத்து நம்பர் வந்துச்சு, ஆனா வரிசை கன்னாபின்னா: 1729, 4104, 13832, 39312, 46683, 32832, 40033, 20683, 65728, 64232. வெளி லூப் அ-வோட வரிசை அது, நம்பரோட வரிசை இல்ல. "முதல்ல வர்றதுதான் சின்னது"ன்னு போஸ்டர்ல எழுதப் போயிருந்தா, 1729 விஷயத்துல தற்செயலா சரியா இருந்திருக்கும். டிக்ஷனரில கீ-யை சார்ட் பண்ணி அடிச்சா வரிசை சரியாயிடும்.

டெஸ்ட் பண்ணது சொல்லிடறேன். லிமிட் 11, ஒன்னும் வரக்கூடாது, வரல. 12, 1729 மட்டும். 15-லயும் அதே. 16-ல 4104-ம் சேர்ந்துச்சு. 40-ல பத்து. அந்தப் பத்துல நாலு நம்பரை அவ கால்குலேட்டர்ல தனியா போட்டுப் பார்த்தா, 20683-க்கு 10-ம் 27-ம் ஒரு பக்கம், 19-ம் 24-ம் இன்னொரு பக்கம், ஒத்து வந்துச்சு.

அப்படி பண்ணும்போதுதான் கடைசி வில்லங்கம் மாட்டுச்சு, சத்தியமா சொல்றேன் இது எனக்கு முன்னாடியே தோணியிருக்கணும். லிமிட் 40-ல 13832 வருது. அது 18-ம் 20-ம் சேர்ந்தது. ரெண்டும் 20-க்குள்ளதான், அப்ப லிமிட் 20-ல ஓட்டுனப்ப 13832 ஏன் வரலன்னு கேட்டா. ஏன்னா அதோட இன்னொரு ஜோடி 2-ம் 24-ம், 24 லிமிட்டுக்கு வெளிய. பெட்டில ஒரே ஜோடி இருக்கு, ஒன்னு இருந்தா அடிக்க மாட்டோம். ரிப்பீட்டாவது கண்ணைக் குத்தும், இது எட்டாவது தடவை ஓட்டுனாலும் எட்டாவது தடவையும் பேசாம இருக்கும். ரெண்டு நாளா நாங்க கத்தற தப்போட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தோம், பக்கத்துலயே ஒன்னு வாயைத் திறக்காம உக்காந்திருக்கு.

இதுக்கு தேடற முறையை மாத்தத் தேவையில்ல, அவுட்புட் எது வரைக்கும் நம்பலாம்னு சொன்னா போதும். 20 வரைக்கும் பார்த்தோம், பார்க்காத முதல் நம்பர் 21, அதோட கனம் 9261, அதோட குறைஞ்சது ஒன்னாவது கூட்டணும், அப்ப 9262-லேர்ந்துதான் எதையாச்சும் விட்டிருக்க முடியும். 9261 வரைக்கும் லிஸ்ட் முழுசு. 450-னு வெச்சா 451-ஓட கனம், 91733851 வரைக்கும் முழுசு, 87539319 அதுக்குள்ள வந்துடுது, நல்லவேளை. அவுட்புட்டுக்கு மேல "இந்த லிஸ்ட் இது வரைக்கும் முழுமையானது"ன்னு ஒரு வரி அடிக்க வெச்சோம், லிமிட்டோட ஒன்னைக் கூட்டி கனம் எடுத்தா அந்த நம்பர் வந்துடும், அதைத் தாண்டற கீ-யை அடிக்கறதில்ல.

கண்காட்சில வெச்சது டிக்ஷனரி வெர்ஷன், ஆனா பக்கத்துல ஒரு சார்ட் பேப்பர்ல அந்த எட்டு வரியையும் ஸ்கெட்ச் பேனால எழுதி ஏழு வரியை மட்டும் கோடு போட்டு அடிச்சிருந்தா, நிறைய பேரு மானிட்டரை விட்டுட்டு அதைத்தான் பார்த்தாங்களாம். வேரியபிள் பேரு தமிழ்ல இருக்கே, இதெல்லாம் ஓடுமான்னு கேட்டவங்க பாதிப் பேரு.

வீட்டுக்கு வந்து அன்னிக்கு ராத்திரியே நாலு விதமா எழுத முடியற நம்பர் எதுன்னு கேட்டா. 6963472309248-னு சொல்லித் தொலைச்சேன், அதுல பெரிய ஜோடிக்கு 19083 வரைக்கும் போகணும். இவ 20000-னு லிமிட் வெச்சு என்டர் தட்டிட்டா, 20 கோடி ஜோடியை ஒரு டிக்ஷனரிக்குள்ள திணிக்கப் பார்த்துருக்கு அந்தப் பாவப்பட்ட லேப்டாப், மெமரி ரொம்பி மவுஸ் கூட நகரல, கடைசில பவர் பட்டனை அமுக்கிப் பிடிச்சுதான் அணைச்சிருக்கா. பொங்கலுக்கு ஊருக்குப் போறேன், அதை அப்ப பார்த்துக்கலாம்னு சொல்லி வெச்சிருக்கேன்.